நடை எடுக்கிறவள்

பால்காரர் பாலில் தண்ணீர் கலக்கிறார் என்பதில் பூங்கோதைக்குச் சந்தேகமே கிடையாது. அது எந்தக் குழாய்த் தண்ணீர் என்பதில்தான் சந்தேகம். சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறவரைக் கண்டால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கட்டிய கணவர் கதிரேசன் ‘தலைவலி’ என்று படுத்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தைலம் எடுப்பாள். இப்படிப்பட்டவளுக்குச் சம்பளமும் கொடுத்துச் சந்தேகப்படச் சொன்னால் கேட்கவா வேண்டும்!

கிண்டியில் இருந்த அடைக்கல வாரியத்தில் அவள் நாட்டு நிலவர ஆய்வாளர். கடல் கடந்து வந்து, ‘திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள்’ என்று சொல்கிறவர்களின் ஊரில் உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறதா என்று தேடிச் சொல்ல வேண்டும். வந்தவன் சொல்வதையும் நம்ப மாட்டாள், அவனைத் துரத்திய அரசாங்கம் சொல்வதையும் நம்ப மாட்டாள். வாரியத்தில் அவளுக்கு நல்ல பெயர் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அன்றைக்கு ஜெயசீலன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விண்ணப்பங்களுக்கு முடிவு எழுதுகிற அதிகாரி அவர்.

“ஒரு அதிசயம் காட்டட்டுமா மேடம்? அங்க பாருங்க. பெஞ்சுல உக்காந்திருக்கிற ஆளு தெரியுதா?”

கண்ணாடிக்கு அப்பால், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம்.

“பேரு சன்னாசி. நெவிரா தீவு, ஆலைமேடு. கரும்பாலை வாசல்ல தள்ளுவண்டியில சுண்டல் வித்தாராம். சர்க்கரைக் கப்பல்ல ஒளிஞ்சு வந்திருக்காரு. சரியா? இப்ப இந்தத் திரையப் பாருங்க.”

திரையில் ஆலைமேடு தெரிந்தது. கரும்பு வெட்டப் போன தமிழர்கள் நாலு தலைமுறைக்கு முன் குடியேறிய ஊர். வீடுகள், சந்தை, ஆலை, அவற்றுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான புள்ளிகள். ஆலை வாசலில் நின்ற ஒரு புள்ளியை ஜெயசீலன் தொட்டார். ‘சன்னாசி, சுண்டல் வியாபாரி’ என்று எழுத்து வந்தது.

“இவரும் சன்னாசி. இந்த நிமிஷம் அங்க சுண்டல் வித்துக்கிட்டிருக்காரு. ஒரே ஆளு ரெண்டு எடத்துல எப்படி மேடம் இருக்க முடியும்?”

“சித்தரா இருந்தா முடியும் சார்.”

“சித்தர் எதுக்குக் கப்பல்ல ஒளிஞ்சு வரணும்?”

அந்தத் திரைக்கு வாரியத்தில் நிழலூர் என்று பெயர். ஒவ்வொரு போனும் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, சந்தையில் அரிசி என்ன விலை, எத்தனை வீட்டுக் கூரையில் புகை வருகிறது, எல்லாவற்றையும் கோத்து ஊருக்கு ஒரு நிழலை உண்டாக்கி வைத்திருந்தார்கள். ‘இன்னாரைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்?’ என்று கேட்டால், அவரை அந்த நிழலுக்குள் நடமாடவிட்டு, வரப்போகிற நாட்களை ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்லும். ஆலைமேட்டைப் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். ஆபத்தில்லை; அவ்வூரில் எவரும் காணாமற்போவதில்லை.

போன் தகவலையெல்லாம் வாரிக் கொடுத்த தீவு அரசாங்கம், தெருக் கேமராக் காட்சிகளை மட்டும் தரவில்லை. குடிமக்களின் அந்தரங்கம் முக்கியம் என்றது. அதைக் கேட்ட அன்றைக்குப் பூங்கோதைக்குப் புரையேறிவிட்டது.

“முகத்த வெச்சு முடிவு பண்ண முடியாதா சார்?”

“இந்தக் காலத்துல முகமா? தி.நகர்ல மத்தியானம் குடுத்தா சாயங்காலம் வேற மூஞ்சி போட்டுக் குடுக்குறான். நடமாட்டத்த மாத்த முடியாது மேடம். ஒண்ணு, இந்த ஆளு போலி. இல்லேன்னா ஆளு சன்னாசிதான், போன எவனோ எடுத்து வெச்சிருக்கான். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எதுவா இருந்தா என்ன ஆகும்?”

“நிஜ சன்னாசின்னா சுலபம். ஆலைமேட்டுல ஆபத்தில்லேன்னு நிழலூர் சொல்லிருச்சு, அடுத்த கப்பல்ல ஏத்திடலாம். போலின்னாதான் தொல்லை. எந்த நாட்டுக்காரன்னு தெரியாதவனை எந்தக் கப்பலும் ஏத்தாது. ஊரிலி அட்டையக் குடுத்து இங்கயே கெடன்னு விட்டுடணும். பேர் கிடையாது, குடும்பத்த வரவழைக்க முடியாது, சாகுற வரைக்கும் வெறும் நம்பர். எனக்குத் தலைவலி, அவனுக்குத் தலைவிதி.”

விசாரணை அறையில் சன்னாசி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். ஆலைச் சங்கு ஊதும் நேரம், அம்மன் கோயில் பின்பக்கத்துக் கிணறு, சந்தையில் யார் கடைக்குப் பக்கத்தில் யார் கடை. ஒன்றுகூடத் தப்பில்லை. தப்பே இல்லாமல் ஒருவர் பேசினால் பூங்கோதைக்கு ஆகாது. தரகர்கள் இப்படித்தான் பாடம் பண்ணி அனுப்புவார்கள்.

“எதுக்கு ஊரவிட்டு வந்தீங்க?”

“எந் தம்பி பரமன் தொழிலாளர் சங்கத்துல இருந்தாம்மா. வீட்டுல வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு ஸ்டேசன்ல போய்க் கேட்டேன். அங்கன அப்பிடிக் கேக்குறதே குத்தம். என்னையும் தேடி வந்தாங்க.”

“உங்க தம்பி நேத்துகூடக் கரும்புத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்திருக்காரே?”

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். “போவாம்மா,” என்றார் மெதுவாக. “போவான்.”

“உங்க போன் எங்க?”

“கப்பல் ஏறயில கடல்ல விழுந்துருச்சு.”

“கடல்ல விழுந்த போன் ஆலை வாசல்ல நின்னு சுண்டல் விக்குது.”

பொய் பிடிபட்ட ஆள் திருதிருவென்று விழிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். சன்னாசி சட்டென்று நிமிர்ந்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

“இன்னமும் விக்குதாம்மா?”

குரலில் இருந்தது பயமில்லை, நிம்மதி. அதற்கப்புறம் என்ன கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. பூங்கோதை அறைக்குத் திரும்பி, ‘நம்பத்தகுந்தவர் அல்லர்’ என்று குறித்துக்கொண்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்பது உறுதி. ஆனால் அது எந்தத் தோட்டத்துப் பூசணிக்காய் என்று புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் சலூனிலிருந்து புலம்பிக்கொண்டே வந்தார். “முடி வெட்டப் போனா அரைநாள் போயிடுது கோதை. வயசானா முடி கொட்டுதுங்கிறான், எனக்கு மட்டும் ஏன் இப்படி வளருது?”

“மூளைக்குப் போக வேண்டியதெல்லாம் முடிக்குப் போகுது,” என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்கியவள், கத்தியை அப்படியே வைத்துவிட்டாள்.

சுண்டல் விற்கிற அந்தப் புள்ளியை அவள் நாள் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறாள். சந்தைக்குப் போனது, கோயிலுக்குப் போனது, ஆலை வாசலில் நின்றது. அது சலூனுக்குப் போய் ஒருநாளும் அவள் பார்த்ததில்லை.

மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக அதைத்தான் தேடினாள். பழைய சன்னாசி மாதம் தவறாமல் கடைத்தெரு சலூனுக்குப் போயிருந்தார். சாராயக் கடைக்கும் அவ்வப்போது போயிருந்தார். போன வருஷம் மழைக்காலத்திலிருந்து இரண்டு இடத்துக்கும் போகவில்லை. தம்பி பரமனின் புள்ளி? அதுவும் போகவில்லை. ஆலைமேட்டில் சலூன் வாசலையே மிதிக்காத ஆண்கள் யார் யார் என்று நிழலூரிடம் கேட்டாள்.

திரையில் சிவப்புப் புள்ளிகள் முளைக்க ஆரம்பித்தன. ஒரு தெருவில் நாலு வீடு, அடுத்த தெருவில் பாதித் தெரு. எல்லோரும் காலையில் கிளம்புகிறார்கள், மாலையில் திரும்புகிறார்கள், ஒருவரும் முடி வெட்டிக்கொள்வதில்லை. நிழலூர் இதற்கும் காரணம் வைத்திருந்தது. ‘முடிதிருத்தும் தொழிலில் நலிவு. வீட்டுச் சவர இயந்திரங்கள் பரவியதே காரணம்.’

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற இயந்திரம் என்று பூங்கோதை வாய்விட்டே திட்டினாள்.

சன்னாசியை மறுபடி கூப்பிட்டபோது பதிவுக் கருவியை அவர் கண்ணெதிரிலேயே அணைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க போன் ஏன் முடி வெட்டிக்கறதில்ல?”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“பொம்பளையாளுகளுக்கு அது தோணலம்மா. போனுக்கு ஏது முடி?”

“யாரு எடுத்துட்டுப் போறது?”

“எம் பொஞ்சாதி. பவளக்கொடி. அங்கன அதுக்கு நடை எடுக்கிறதுன்னு பேரு. தூக்கிட்டுப் போன ஆளோட போன வீட்டுல இருக்கிறவுக எடுத்துக்கிட்டு, அவன் போற வழியெல்லாம் போயிட்டு வருவாக. தம்பி நடைய அவன் சம்சாரம் எடுக்குது. எங்க தெருவுல நடை எடுக்காத வீடு கொறச்சல்.”

“எதுக்கு? அரசாங்கமே தூக்கிட்டுப் போகுது. அவங்களுக்குத் தெரியாதா?”

“தூக்குற கை வேற, எண்ணுற கை வேறம்மா. தூக்குறவன் யாருகிட்டயும் சொல்ல மாட்டான், கணக்குல காட்ட மாட்டான். ஒரு போன் நடமாடாம கெடந்துச்சுன்னா எண்ணுறவன் வந்துருவான். ஆளு எங்கம்பான். காணோம்னு சொன்னா அரசாங்கத்து மேல அவதூறு. ஓடிப் போயிட்டான்னு சொன்னா ஓட விட்ட குத்தம். எப்பிடிச் சொன்னாலும் வீட்டப் பூட்டி சீல் வெச்சுட்டு, மிச்சமிருக்கிறவுகள முகாமுக்குக் கொண்டு போயிருவான். அங்க போனவுக திரும்புனதில்ல.”

“உங்க மனைவி அவங்க போனையும் சேர்த்து எடுத்துட்டுப் போவாங்களா?”

“ஐயோ, அது ஆகாது. ரெண்டும் ஒரே அடியா நடந்தா தெரிஞ்சு போயிரும்ல? அவ போன அடுப்படியில வெச்சுட்டு என்னோடத எடுத்துக்கிட்டு வண்டி தள்ளப் போவா. பொழுது சாய வந்து, என்னோடத வெச்சுட்டு அவளோடத எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போவா. ஒரு நாளைக்கு ரெண்டு ஆளா வாழ்றாம்மா அவ.”

இத்தனை வருஷம் யாரையும் நம்பாமல் இருந்துவிட்டு, நம்ப வேண்டிய நேரத்தில் இவ்வளவு வலிக்கும் என்று பூங்கோதைக்குத் தெரியாது.

“இத நான் எழுதினா உங்களுக்கு அடைக்கலம் கெடைக்கும். நிழலூர் சொல்றது பொய்னு நிரூபணமாயிடும்.”

“எழுதுனா அது அவுகளுக்கும் போகும்ல?”

போகும். வாரியத்துக்கு வந்தவர் பெயரைத் தீவுக்குச் சொல்வதில்லை. ஆனால் நிழலூரில் எது திருத்தப்பட்டாலும் அந்தத் திருத்தம் தீவு அரசாங்கத்துக்குப் போக வேண்டும் என்பது போன் தகவலுக்காகப் போட்ட ஒப்பந்தம். அவள் பேனாவை மூடி வைத்ததிலேயே சன்னாசிக்கு விடை கிடைத்துவிட்டது.

“அப்ப எழுதாதீங்கம்மா. தெருவே காலியாயிரும்.”

“எழுதலேன்னா உங்களக் கப்பல்ல ஏத்திடுவாங்க.”

“நான் ஒருத்தன்தானேம்மா?”

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? பூங்கோதை எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றாள். பிறகு திரும்பி வந்து, ஜெயசீலன் ‘தலைவலி’ என்று சொன்ன அந்த மூன்றாவது வழியை அவரிடம் விளக்கினாள்.

“நீங்க சன்னாசி இல்ல. சன்னாசி ஊர்ல நல்லா இருக்காரு, சுண்டல் விக்கிறாரு. நீங்க அவர் பேரத் திருடிக்கிட்டு வந்த யாரோ ஒருத்தர். அப்படின்னா உங்கள எங்கயும் அனுப்ப முடியாது. ஆனா பவளக்கொடிய எப்பவும் கூப்பிட்டுக்க முடியாது. உங்களுக்குப் பொண்டாட்டியே கிடையாது.”

சன்னாசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவளுக்குப் புருசன் இருக்கான்ல அங்கன?” என்றார். “அது போதும்.”

பூங்கோதை எழுதிய அறிக்கையில் ஒரு இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. விண்ணப்பதாரர் ஆள்மாறாட்டம் செய்தவர், நாடு தெரியவில்லை. சன்னாசி என்பவர் ஆலைமேட்டில் நலமாக இருக்கிறார். நிழலூரின் தகவலில் பிழை எதுவும் காணப்படவில்லை.

ஊரிலி அட்டைத் தலைவலி இருந்தும் ஜெயசீலனுக்கு வாயெல்லாம் பல். “நீங்களே பிழையில்லேன்னு எழுதிட்டீங்கன்னா அதுக்கு மேல யாரு மேடம் கேள்வி கேக்க முடியும்?” என்றார். சரியாகத்தான் சொன்னார். மாதம் முடிவதற்குள் ஆலைமேட்டுப் பெண் ஒருத்தி வந்தாள். புருஷனைக் காணோம், நடை எடுத்தது பிடிபட்டுவிடும் போலிருந்தது, தப்பி வந்தேன் என்று அழ நினைத்து, பாதியில் பயந்து, புருஷனைக் காணோம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பூங்கோதையின் அறிக்கையை மேற்கோள் காட்டி அவளைக் கப்பலேற்றினார்கள். அவள் நிறுத்திக்கொண்ட பாதி என்னவென்று அந்தக் கட்டடத்திலேயே ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கதிரேசனிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமலே தைலம் எடுத்து வந்தார்.

ஊரிலி அட்டை வாங்கிய சன்னாசிக்கு வாரியத்துக்கு எதிரே இருந்த உணவுக் கடையில் வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒருமுறை, அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வரும்போது, ஈரத் துண்டோடு பக்கத்தில் வந்து நிற்பார்.

“நடக்குறாளாம்மா?”

“நடக்கிறாங்க.”

அவ்வளவுதான் பேச்சு. உலகத்தில் ஒரு மனிதனுக்குத் தன் பெண்டாட்டி உயிரோடு இருக்கும் சேதி, தன் சொந்தப் போன் நடப்பதிலிருந்துதான் தெரிய வேண்டியிருந்தது. கூடுதலாக ஏதாவது சொல்ல முடிந்தால் பூங்கோதை சொல்வாள். நேற்று வண்டி சீக்கிரம் திரும்பிவிட்டது, சந்தையில் ரொம்ப நேரம் நின்றார்கள், கோயிலுக்குப் போனார்கள். சன்னாசி அதையெல்லாம் மென்று விழுங்குவதுபோல் கேட்டுக்கொள்வார்.

மழைக்காலம் மறுபடி வந்தது. ஒரு காலையில் பூங்கோதை நிழலூரைத் திறந்தபோது சன்னாசியின் புள்ளி வழக்கம்போல் வீட்டைவிட்டுக் கிளம்பியது. அடுப்படியில் இருக்க வேண்டிய பவளக்கொடியின் புள்ளியும் கூடவே கிளம்பியது.

மறந்து எடுத்து வந்திருப்பாள் என்று நினைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு ஆளாக வாழ்கிறவளுக்கு ஒரு நாள் கை தவறாதா? இரண்டு புள்ளிகளும் ஆலை வாசலுக்குப் போகவில்லை. சந்தைக்குப் போயின, ஒரே அடியாக, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு. உற்றுப் பார்த்தபோது அவற்றோடு மூன்றாவது ஒன்றும் ஒட்டியிருந்தது. தம்பி பரமனின் புள்ளி. யாரோ ஒருத்தி, அநேகமாகப் பரமனின் மனைவி, மூன்று பேரை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பவளக்கொடிக்கும் இப்போது நடை எடுக்க ஆள் வேண்டியிருந்தது. சாயங்காலமும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

நிழலூர் இதையும் கவனித்திருந்தது. ‘பவளக்கொடி கணவருடனும் மைத்துனருடனும் வெளியே சென்றுவருகிறார். குடும்ப ஒற்றுமை உயர்ந்துள்ளது.’

பூங்கோதை நேரே ஜெயசீலனிடம் போனாள்.

“சார், நிழலூர்கிட்ட நாம கேக்குற கேள்வியும் தீவுக்குப் போகுமா?”

“கேள்வியா? திருத்தம் மட்டும்தான் போகும் மேடம். கேள்வி போகாது.” கொஞ்சம் யோசித்தார். “போகாதுன்னுதான் நெனைக்கிறேன். ஏன்?”

“சும்மாதான் சார்.”

சலூனுக்குப் போகாத ஆண்கள் யார் யார் என்று அவள்தான் கேட்டாள். அந்தக் கேள்வி இந்தக் கட்டடத்தோடு நின்றதா, கடல் தாண்டிப் போய் எண்ணுகிறவன் காதில் விழுந்ததா? சலூன் இருந்த தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கே புதிதாக எதுவும் தெரியவில்லை. இனிமேல் எதையும் உறுதியாகத் தெரிந்துகொள்ள அவளுக்கு வழியில்லை.

மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். கை கழுவும் இடத்தில் சன்னாசி ஈரத் துண்டோடு நின்றிருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

“இன்னைக்கு நாந்தான் சுண்டல் தாளிச்சேன். எங்க ஊருப் பக்குவம். தேங்காயப் பல்லுப் பல்லா கீறிப் போடணும், துருவக் கூடாது. பவளம்தான் சொல்லும்.” பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். “நடக்குறாளாம்மா?”

“நடக்கிறாங்க.”

“அவ போனு?”

பூங்கோதை அவர் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, எதிரில் நிற்பவர் தன்னைச் சந்தேகப்படாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

“அடுப்படியிலதான் இருந்துச்சு. நேத்துப் பொழுது சாய எடுத்துட்டுத் தண்ணிக்குப் போனாங்க. வழியில கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனாங்க.”

“மழை பேஞ்சிருக்கும். கோயில் மண்டபத்துல ஒதுங்கியிருப்பா.” அவர் முகம் மலர்ந்தது. “ஒரு கொடை வாங்கிக்கன்னா கேக்க மாட்டா. வர்றேம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்.”

“பாக்கலாம்,” என்றாள்.

சாலையைக் கடந்து, மேசைக்குத் திரும்பி, பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய் பல்லுப் பல்லாகக் கிடந்தது. அடுத்த வாரம் பவளக்கொடி எங்கெங்கே போய் வருவாள் என்று பூங்கோதை யோசிக்க ஆரம்பித்தாள்.